ஏழாம் நம்பருக்கு ட்ராயிங் இல்லை

1931 ஜூலை 14, செவ்வாய்.

இன்று பதினான்கு சீட்டுகள் எழுதி முடித்தேன். 'இந்தப் பக்கம் மேலே' என்ற சீட்டைப் பெரிய பெட்டியின் அடிப்பலகையில் ஒட்டிவிட்டேன். பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மேல் எது, அடி எது என்று நான் பார்க்கவில்லை. அண்ணன் வருவதற்குள் கெட்டில் ஆவியைக் காட்டி உரித்தேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது. சின்னத் தவறுதான், ஆனால் அவசரத்தில் வந்த தவறு இல்லை, 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பில் வந்தது. இனிமேல் முதலில் பெட்டியைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பசையைத் தொட வேண்டும்.

இதை எழுதி மை உலரும்வரை ஊதிவிட்டு டோரதி நோட்டை மூடினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. செய்த வேலையை எழுத அவளுக்கு ஒரு வரி போதும். செய்த பிழையை எழுதத்தான் அரைப் பக்கம் வேண்டும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரை வழியாக நடந்துபோய் மாலை வகுப்பில் டைப்பும் இங்கிலீஷும் படித்துவந்தாள். மற்ற நேரமெல்லாம் அண்ணன் யூஜினின் கொட்டகையில் சீட்டு எழுதுவது, பட்டியல் சரிபார்ப்பது, பென்சில் பிடிப்பது.

கண்டோன்மென்ட்டில் ஒரு துரைக்கு மாற்றல் வந்தால் ஜோகுபாளையத்தில் யூஜின் வீட்டு அடுப்பு எரியும் என்று தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். பியானோ, நிலைக்கண்ணாடி, சீமைப் பீங்கான், பஞ்சடைத்த புலித்தலை, எது கப்பலேறிப் போவதானாலும் அதற்குப் பெட்டி செய்து, உள்ளே அசையாமல் வைத்து, ஆணி அடித்துக் கொடுப்பது அந்த வீட்டின் தொழில். யூஜின் பெட்டி செய்வான். அவனுடைய சித்தப்பா தியோடர் சாமானைக் கட்டுவார். யூஜினின் மனைவி நோரா இரண்டு பேருக்கும் களி கிண்டிப் போட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் திட்டுவாள்.

இந்தத் தடவை வந்திருந்தவை வாள்கள். பதினான்கு பழைய வாள்கள். செத்துப்போன ஒரு கர்னல் நாற்பது வருஷம் சேர்த்தவை. அவருடைய துரைசானி சீமைக்குத் திரும்புகிறாள். வாள்கள் லண்டனில் ஒரு காட்சிசாலைக்குப் போகின்றன. சனிக்கிழமை கூட்ஸ் வண்டியில் மதராஸ் துறைமுகத்துக்கு ஏற்ற வேண்டும். துரைசானியின் வக்கீல் ஆபீசில் தலைமை குமாஸ்தாவான சீனிவாசராகவன்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவர் கையால் எழுதிய பட்டியலை டோரதியிடம் கொடுத்து, "இதை மூணு காப்பி டைப் அடிச்சுண்டு வா, பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். அது பட்டியல் மட்டும் இல்லை, பரீட்சை. அவருடைய ஆபீசில் டைப்பிஸ்ட் இடம் ஒன்று காலியாக இருந்தது. டோரதி வகுப்பு மெஷினில் மூன்று காப்பியும் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்து, "பேஷ். ஒரு எழுத்துப் பிசகு இல்லே. திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடு" என்றார். வீட்டில் அன்று நோராகூடத் திட்டவில்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாத மாதிரியே இருந்தது. நாலு நாளாக நிற்காத தூறல். பெங்களூர்க் குளிர் பலகைக்குள்ளேயே இறங்கியிருந்தது. இழைப்புளி ஓட்டினால் சீவல் சுருளாமல் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பெட்டியின் ஓரத்தில் அடைக்க வேண்டிய வைக்கோலை வெயிலில் காயவைக்க வழியில்லை. அதனால் சமையலறையில் அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டி கட்டி அதில் பரப்பியிருந்தார்கள்.

"இது அடுப்பா, களத்துமேடா?" என்று உள்ளேயிருந்து நோரா கேட்டாள். "சோத்துல வைக்கோலு, சாறுல வைக்கோலு. ஒரு மாட்டக் கொண்ணாந்து கட்டியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம்."

"ரெண்டு நாளு பொறுத்துக்க நோரா," என்றான் யூஜின். "ஈரத்தோட வெச்சா லண்டன் போய்ச் சேர்றதுக்குள்ள பூஞ்சை பூத்துடும்."

"லண்டன்ல பூக்கறது இருக்கட்டும். இங்க மாமா நெஞ்சுல பூத்துகினு கீது. ராவெல்லாம் லொக்கு லொக்குன்னு. புள்ள தூங்கல, நான் தூங்கல."

தியோடர் காதில் விழாதவர்போல இருந்தார். வீட்டில் அவருக்குப் படுக்கை வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில்தான். கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். வாளைக் கட்டும்போது வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் வியர்வை பட்ட இடம் பத்தே நாளில் சிவக்கும். கப்பல் போய்ச் சேருவதற்குள் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும்.

அந்த வீட்டில் வாள் கட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. உறையும் வாளும் சேர்ந்து போகக் கூடாது. தோலும் மரமும் மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அதற்குள் இருக்கிற இரும்பு அந்த ஈரத்தோடு ஐந்து வாரம் கடலில் போகும். அதனால் உருவிவிடுவார்கள். வாளைக் காய்ந்த மல்துணியால் துடைத்து, துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெயை மெல்லத் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, கூர்நுனியில் பாட்டில் தக்கை ஒன்றைக் குத்திவிடுவார்கள். உறை தனியாகப் பஞ்சில். அதற்கு முன்னால் டோரதியின் வேலை. வாளையும் பிறகு உறையையும் பலகைமேல் கிடத்தித் தியோடர் பிடித்துக்கொள்ள, அவள் ஓரத்தோடு பென்சிலை ஓட்டி உருவத்தைப் பலகையில் எடுப்பாள். இதற்குக் கொட்டகையில் 'ட்ராயிங்' என்று பெயர். அந்தக் கோட்டின்மேல் யூஜின் பள்ளம் வெட்டி, பள்ளத்துக்குக் கம்பளி ஒட்டுவான். வாள் அதில் தொட்டிலில் குழந்தை மாதிரி உட்காரும். அதே பள்ளம் வெட்டிய இன்னொரு பலகை மேலே வந்து அழுத்தும். வாளுக்கு ஒரு சின்னப் பெட்டி; எல்லாம் சேர்ந்து பெரிய பெட்டிக்குள் போகும். கடைசியில் சின்னப் பெட்டியைச் சாய்த்துக் காதை வைத்துக் கேட்பார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

மத்தியானத்துக்குள் ஆறு முடிந்திருந்தது.

"ஏழு எங்க?" என்றார் தியோடர்.

ஏழாம் நம்பர் நீண்ட, நேரான வாள். பச்சை வெல்வெட் போர்த்திய மர உறை; வெல்வெட் பல இடங்களில் நைந்து பாசி பிடித்த சுவர் மாதிரி இருந்தது. அடி நுனியில் வெள்ளிப் பூண்.

டோரதி பட்டியலைப் பார்த்தாள். ஏழாம் நம்பருக்கு எதிரே, கடைசிக் கட்டத்தில், 'நாட் டு பி ட்ரான்' என்று இருந்தது. அவளே மூன்று முறை அடித்த வரி.

"ஏழுக்கு ட்ராயிங் எடுக்கக் கூடாதாம் சித்தப்பா. லிஸ்ட்ல போட்டிருக்கு."

"ஏனாம்?"

"வெல்வெட்டுல பென்சில் கறை பட்டுடும்னு."

'பட்டுடும்னு இருக்கும்' என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது, காகிதத்திலேயே எழுதியிருப்பதுபோல வந்துவிட்டது.

"சரியாப் பாத்தியா?" என்றான் யூஜின், உளியை நிறுத்தாமலே.

"நான்தானே அண்ணே அடிச்சேன்."

"துரைசானிக்கு வெல்வெட்டு மேல அம்மாம் பாசம்," என்றார் தியோடர். "சரி வுடு. கயிறு வெச்சு அளந்துக்கலாம். மொதல்ல உருவி வெச்சிட்டா தனித்தனியா அளவு எடுத்துக்கலாம்."

பிடியைப் பற்றி இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"பாரேன், புதுப் பொண்ணு மாதிரி உள்ளயே குந்திகினு கீது."

"மெதுவா சித்தப்பா."

உறையின் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு காப்பி குடிக்கிற நேரம் காத்திருந்தார். பிறகு உறையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இழுத்தார். வாள் மூன்று விரற்கடை வெளியே வந்தது. "வருது, வருது" என்றார் சந்தோஷமாக. அடுத்த இழுப்பில் காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

வெல்வெட்டுக்கு அடியில் மரம் வாயிலிருந்து ஒரு சாணுக்கு மேல் பிளந்திருந்தது. பிளவுக்குள் இரும்பும் மரமும் ஒன்றாகச் செந்துருவில் ஒட்டிக் கிடந்தது தெரிந்தது.

யூஜின் உளியைக் கீழே வைத்தான்.

"வரலன்னா வுட்டுடறதுதானே? பலத்தக் காட்ட இது இன்னா தங்கவயல் பாறையா?"

"எண்ணெய் வுட்டேனே யூஜினு..."

"எண்ணெய் வுட்டாராம்! நாளைக்கு அந்தக் குமாஸ்தா ஐயங்கார் சாமி வந்து ஒண்ணொண்ணா எண்ணிப் பாப்பாரு. இன்னா பதில் சொல்றது? இந்த வூட்ல கொடுத்தா சாமான் முழுசா போவும்னு ஊர்ல ஒரு பேரு கீது. அப்பா கட்டிவெச்ச பேரு. அத்த ஒரு இழுப்புல இழுத்துட்டே."

நோரா குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்றாள். பிளந்த உறையைப் பார்த்தாள். அவள் திட்டாமல் நின்றதுதான் தியோடருக்கு அதிகமாக உறைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணுதான் வழி," என்றான் யூஜின், குரலைத் தாழ்த்தி. "கை தவறின ஆள வேலைய வுட்டு அனுப்பிட்டோம்னு சொல்லணும். அப்பதான் நம்புவாங்க. நீ சனிக்கிழம தங்கவயலுக்கு அத்த வூட்டுக்குப் போயிடு சித்தப்பா."

தியோடர் கையிலிருந்த காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்துச் சுருட்டினார். "சரிப்பா" என்றார்.

டோரதி பென்சிலோடு நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, இதில் தன் பங்கு ஒன்றும் இல்லை என்ற ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை அவள் பிறகு பல நாள் நினைத்துக் கூசினாள்.

அன்று சாயங்காலம் வகுப்பில் மிஸ் மௌரீன் சொல்வதெழுதுதல் வைத்தாள். மிஸ் மௌரீனுக்குத் தெரிந்த தமிழ், வேலைக்காரர்களிடம் பேசிப் பழகிய தமிழ். எல்லாரையும் 'நீ வா, நீ போ'தான். பத்து வாக்கியங்கள். ஆறாவது வாக்கியம்: "தி டென்டிஸ்ட் ஹேஸ் ட்ரான் டூ ஆஃப் மை டீத்."

டோரதி பிழையில்லாமல் எழுதினாள். எழுதிவிட்டு, அந்தப் பல் டாக்டர் ஏன் இரண்டு பல்லை மட்டும் படம் போட்டார் என்று யோசித்தாள். கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பக்கத்துப் பெண்ணுக்கு அந்த வெட்கம் கிடையாது.

"மிஸ், பல்லுக்கு எதுக்கு மிஸ் ட்ராயிங்?"

மிஸ் மௌரீன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு வாயை அகலத் திறந்து, இரண்டு விரலால் கடைவாய்ப் பல்லைப் பிடித்து இழுப்பதுபோலச் செய்து காட்டினாள். "இழு! வெளியே இழு! தட் ஆல்சோ ட்ரா. கிணத்துத் தண்ணி, ட்ரா. வண்டி மாடு, ட்ரா." மேஜைமேல் இருந்த அடிக்கோலை இடுப்பில் செருகி, பிடியைப் பற்றுவதுபோலப் பற்றி, வீச்சென்று உருவினாள். "கத்தி! ட்ரா யுவர் சோர்ட்!"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

டோரதி நோட்டின் ஓரத்தில் எழுதினாள்: 'ட்ரா. 1. வரை. 2. இழு, உருவு, பிடுங்கு.' எழுதி, அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள். கோடு முடிகிற இடத்தில் அவளுடைய கை அப்படியே நின்றுவிட்டது. மீதி நாலு வாக்கியங்களை அவள் எழுதவில்லை.

ஏரிக்கரையில் திரும்பி வரும்போது குடையை விரிக்க மறந்துபோனாள். நனைந்தபடியே கொட்டகைக்குள் வந்தாள். யூஜின் இழைத்துக்கொண்டிருந்தான். நோரா தட்டியிலிருந்து காய்ந்த வைக்கோலை வாரிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். தியோடர் மூலையில் தன் தகரப் பெட்டியைத் திறந்துவைத்து, இரண்டு சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பு சித்தப்பாவோடது இல்ல. என்னோடது."

சொல்லி முடித்தாள். யூஜின் இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப அந்தப் பேப்பர்ல 'உருவாத'ன்னு போட்டிருந்துச்சா?"

"ஆமா."

"நீ 'வரையாத'ன்னு படிச்சே."

"ஆமா."

"மூணு காப்பி அடிச்சே."



"ஒரு எழுத்துத் தப்பு இல்லன்னு தெருவெல்லாம் சொல்லிகினு வந்தியேடி," என்றாள் நோரா. கோபமாகச் சொல்லவில்லை; அலுப்பாகத்தான் சொன்னாள்.

யூஜின் வாசல்பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான், யாரோ ஒட்டுக் கேட்கிற மாதிரி. "இத்த இங்கயே வுட்டுடு. நாளைக்கு நீ வாயத் தொறக்காத. அந்தாளு உன்ன வேலைக்குக் கூப்பிட்டதே இங்கிலீசுக்காகத்தான். அதே இங்கிலீசால வாளு ஒடஞ்சுதுன்னா திங்கக்கிழம உன்ன வாசப்படி ஏற வுடுவாரா? ரெண்டு வருசமா மழையில நனைஞ்சிகினு போய்ப் படிச்சது எதுக்கு?"

"அப்ப சித்தப்பா?"

தியோடர்தான் பெட்டிப் பக்கத்திலிருந்து பேசினார்.

"என் பேர்லயே இருக்கட்டும் வுடு டோரா. ஏற்கெனவே நாலு கெட்ட பேரு கீது. அஞ்சாவதுக்கு எடம் இல்லாமயா போவும்?"

"அத்த வூட்ல இடம் இருக்கா சித்தப்பா?"

"இல்லாம? கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல. போன வாட்டி மச்சான் நகரல. கோழிங்கதான் நகர்ந்து எடம் வுட்டுச்சு."

நோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு களி கிண்ட எழுந்துபோனாள். ராகிக் களியும் கொள்ளுச் சாறும். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தின்றார்கள். தியோடர் சாற்றிலிருந்து ஒரு வைக்கோல் துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு போய்த் தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று. பியானோவுக்குப் போடுகிற அதே முடிச்சு.

டோரதி அன்று நோட்டைத் திறந்தாள். தேதியை எழுதினாள். என்ன எழுதினாலும் அது யூஜின் சொன்னதற்கு எதிராகவோ சித்தப்பா சொன்னதற்கு எதிராகவோ ஆகிவிடும் என்று தோன்றியது. எல்லாரும் சேர்ந்து அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. மூடிவைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சீனிவாசராகவன் ஜட்காவிலிருந்து இறங்கினார். குடையை மடக்கி உதறி, பஞ்சகச்சத்தில் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, நோரா போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை பெட்டிக்குள்ளே தகரம் அடிச்சுப் பத்தவைச்சுடுவேளா? ஒரு தரம் ஈயத்தால மூடிட்டா அப்புறம் லண்டன்லதான் திறப்பா. அதனால இன்னிக்கே எல்லாத்தையும் பார்த்துடறேன்."

முதல் பெட்டியைச் சாய்க்கச் சொன்னார். தானே காதை வைத்துக் கேட்டார். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஒன்றும் அசையவில்லை. திருப்தியாகப் பட்டியலில் பென்சிலால் கோடு போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. டோரதி நம்பரை வாசித்தாள். ஆறு வரைக்கும் அவளுடைய குரல் சரியாகத்தான் இருந்தது.

யூஜின் ஏழாம் நம்பரை ஒரு துணிமேல் கிடத்திக் கொண்டுவந்தான்.

"சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க சித்தப்பா கை தவறி..."

சீனிவாசராகவன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதை உருவக் கூடாதுன்னு எழுதியிருந்ததே! பட்டவர்த்தனமா எழுதியிருந்ததே! உள்ளே துருப்பிடிச்சு ஒட்டிண்டிருக்கு, அப்படியே அனுப்புங்கோ, நாங்க திறந்துக்கறோம்னு லண்டன்லேருந்து அவா தனியா லெட்டர் போட்டிருக்கா. படிச்சுச் சொல்லலையா நீங்க?"

"சொன்னோம் சாமி. பெரியவரு, ஞாபகம் பத்தல. அவர வேலைய வுட்டு நிறுத்திட்டோம். பாருங்க, பொட்டி கூடக் கட்டிட்டாரு."

அவர் மூலையிலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். தியோடரைப் பார்த்தார்.

"ஏனய்யா? உருவக் கூடாதுன்னு உம்மகிட்டே சொன்னாளா, இல்லையா?"

தியோடர் தரையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னாங்க சாமி" என்றார். "நான்தான் கேக்கல."

"சொல்லலை," என்றாள் டோரதி.

யூஜின் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

"நான் அதைச் சொல்லவே இல்லை சார். ட்ராயிங் எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். பலகையில வெச்சுக் கோடு போடறதுக்கு இங்க ட்ராயிங்ன்னுதான் பேரு. ட்ரான்னா அதுதான்னு நினைச்சேன். சித்தப்பாவுக்கு நான் சொன்னது மட்டும்தான் தெரியும்."

சீனிவாசராகவன் பென்சிலைப் பட்டியல்மேல் வைத்தார்.

"மூணு காப்பி அடிச்சியே அம்மா. ஒரு தரமாவது சந்தேகம் வரலையா?"

"வந்தது."

"என்னண்டே கேட்டிருக்கப்படாதோ?"

"கேட்டா எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நினைச்சுடுவீங்கன்னு கேக்கலை."

"இப்போ என்ன நினைச்சுக்கச் சொல்றே?"

குழந்தை உள்ளே அழுதது. நோரா போய் எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

அவர் காகிதம் கேட்டார். துரைசானிக்குக் காட்ட எழுத்தில் வேண்டும், இங்கிலீஷில், அவள் கையால். டோரதி சீட்டு எழுதுகிற பலகையில் வைத்து நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அவர் படித்தார். ஓர் இடத்தில் பென்சிலை எடுத்தார்.

"மிஸ்அண்டர்ஸ்டுட் ஒரே வார்த்தை. நடுவிலே இடம் விடப்படாது."

பிரிந்து நின்ற அந்த வார்த்தையின் இரண்டு பாதியையும் ஒரு வளைகோடு போட்டுச் சேர்த்து, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதை இனிமே இழுக்கவும் வேண்டாம், உள்ளே தள்ளவும் வேண்டாம். எப்படி நிக்கறதோ அப்படியே. மத்ததோட பெரிய பெட்டியிலே சேர்க்காதே, தனியா ஒரு பெட்டி பண்ணு. வெடிச்சிருக்குன்னு நானே லிஸ்ட்ல எழுதிடறேன்." எழுந்து குடையை எடுத்தார். "அடுத்த சாமானெல்லாம் உங்ககிட்டே வருமா வராதா, அது துரைசானி இஷ்டம். நேக்குத் தெரியாது."

வாசலில் நின்று, டோரதியைப் பார்க்காமல் குடையைப் பார்த்தபடி சொன்னார்: "திங்கக்கிழமை வரவேண்டாம் அம்மா. வக்கீல்ட்டே நான் என்னன்னு சொல்றது?"

"சரி சார்."

ஜட்காவில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "யூஜின், அந்த மனுஷரை எதுக்கு அனுப்பறே? ஆறு பெட்டியைக் குலுக்கினேன், ஒண்ணும் அசையலே. மீதியை யார் கட்டுவா, நீயா?"

வண்டி போன பிறகும் யூஜின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து உளியை எடுத்தான், வைத்தான்.

"கேட்டியாடி நான் சொன்னத?"

"கேட்டேன் அண்ணே."

"கேட்டு?"

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அன்று முழுக்க அவளோடு பேசவும் இல்லை. நோராதான் பேசினாள், சாயங்காலம்வரை பேசினாள். ரெண்டு வருஷப் படிப்பு, தேய்ந்த செருப்பு, விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெய், எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில், "இந்தா, ஈரத்தோட நிக்காத, தலையத் தொடச்சிக்க" என்று ஒரு துண்டை எறிந்தாள். டோரதியின் தலை அன்று நனையவே இல்லை.

தியோடர் தகரப் பெட்டி முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இரண்டு விரல் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"உன்ன யாரு கேட்டது டோரா?" என்றார் எரிச்சலாக. "கட்டுன பொட்டிய அவுக்கற வேல எனக்குப் புடிக்கவே புடிக்காது. அதுவும் நானே கட்டுனது."

"கத்தி கொண்டாரட்டுமா சித்தப்பா?"

"நல்ல கயிறு. வெட்டாத." மறுபடி குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்துப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மொத இழுப்புலயே கைக்குத் தெரிஞ்சிச்சு. வராதுன்னு. பேப்பர்ல இன்னா எழுதியிருந்தா இன்னா, நான் வுட்டிருக்கணும். அத்தயும் உன் நோட்டுல எழுதிக்க. எல்லாத்தயும் நீயே எடுத்துக்காத."

வெளியே தூறல் கொஞ்சம் விட்டிருந்தது. யூஜின் ஒரு நீளப் பலகையைத் தோளில் தூக்கிவந்து கொட்டகை நடுவில் போட்டான். யாரையும் பார்க்காமல், "இது ஏழுக்கு" என்றான்.

1931 ஜூலை 16, வியாழன்.

டைப்பிஸ்ட் வேலை இல்லை என்று ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னேன், அதை நன்றாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. சித்தப்பா சொன்னதையும் எழுத வேண்டும்: முதல் இழுப்பிலேயே அவருக்குத் தெரிந்ததாம். நேற்றைய தேதிக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நாளை வெள்ளி. காலை ஆறு மணிக்கு ஏழாம் நம்பருக்கு ட்ராயிங் எடுக்க வேண்டும். வெல்வெட்டில் கறை படாமல் நடுவில் மெல்லிய தாள் வைக்க வேண்டும். சித்தப்பா பிடித்துக்கொள்வார், பென்சில் நான்.